வாசகர் கேள்வி: ஜாய்ஸைப் பற்றி எங்கிருந்து படிப்பது?

சென்ற இதழில் போகிற போக்கில் அயர்லாந்து நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ் பெயரைச் சொல்லிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவரைப் பற்றித்தான். அவர் எழுதியதைக்கூட யாரும் அதிகம் கேட்கவில்லை. அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதிய புத்தகங்களில் எதைப் படிக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். சரி, இந்த முறை இடம் முழுக்க அதற்கே.

கேள்வி: ‘யுலிஸிஸ்’ நாவலை மூன்று தடவை தொடங்கி, மூன்று தடவையும் மூன்றாவது அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். ஆசிரியரின் வாழ்க்கை தெரிந்தால் நாவல் பிடிபடுமோ என்று ரிச்சர்ட் எல்மன் எழுதிய தடித்த வாழ்க்கை வரலாற்றை வாங்கி வைத்திருக்கிறேன். தொடங்கலாமா?

பதில்: அந்த அத்தியாயத்தில் ஸ்டீபன் டெடலஸ் சாண்டிமவுண்ட் கடற்கரையில் தனியாக நடந்துகொண்டே யோசிப்பான். எத்தனையோ வாசகர்களின் கால் அந்த மணலில்தான் புதைந்திருக்கிறது. என்னுடையதும். தயங்காமல் நான்காவது அத்தியாயத்துக்குத் தாவிவிடுங்கள். அங்கே நாவலின் நாயகன் புளூம் பூனையோடு பேசுவார், பன்றிச் சிறுநீரகம் வாங்கிவந்து வறுப்பார், அதைக் கருகவும் விடுவார். மூச்சு விட்டுக்கொள்ளலாம். விட்டதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்மன் இப்போது வேண்டாம். எண்ணூறு பக்கத்துக்கு மேல் போகும். அதற்கு முன்னால் ஃபிராங்க் பட்ஜன் 1934இல் எழுதிய ‘ஜேம்ஸ் ஜாய்ஸ் அண்ட் தி மேக்கிங் ஆஃப் யுலிஸிஸ்’ கிடைக்கிறதா என்று பாருங்கள். பட்ஜன் பேராசிரியர் இல்லை. இளமையில் கப்பலில் வேலை பார்த்தவர், பிறகு ஓவியர் ஆனவர். 1918இல், முதல் உலகப் போரின் கடைசி வருடத்தில், ஜூரிக்கில் ஜாய்ஸுக்குப் பழக்கமானார். யுலிஸிஸ் வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. மாலையானால் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து குடிப்பார்கள், அன்றைக்கு எழுதியதைப் பற்றிப் பேசுவார்கள்.

அந்தப் புத்தகத்தில் ஒரு சம்பவம். எழுத்து எப்படிப் போகிறது என்று பட்ஜன் கேட்கிறார். நாள் முழுக்க உழைத்தேன் என்கிறார் ஜாய்ஸ். நிறைய எழுதினீர்களா? இரண்டு வாக்கியம். பொருத்தமான சொல் கிடைக்காத திண்டாட்டம் போல என்று பட்ஜன் நினைக்கிறார். இல்லை, சொற்களெல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, எது எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்கிறார் ஜாய்ஸ். மதியப் பசியோடு தெருவில் போகும் புளூம், கடை ஜன்னலில் பெண்களின் பட்டு உள்பாவாடைகளைப் பார்க்கும் இடத்துக்கு எழுதிய வாக்கியங்கள் அவை. வயிற்றுப் பசியும் உடல் ஆசையும் ஒரே வரியில் பிணைய வேண்டும். அதற்குத்தான் ஒரு முழு நாள். வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். ஆனால் வெண்பாக்காரருக்குத் தளை இலக்கணத்திலேயே இருக்கிறது. ஜாய்ஸ் தனக்குத் தானே போட்டுக்கொண்டார்.

இன்னொன்று. டப்ளின் தெருக்களில் பலரும் ஒரே நேரத்தில் நடமாடும் பத்தாவது அத்தியாயத்தை, நகர வரைபடத்தை முன்னால் விரித்து, கான்மீ பாதிரியார் நடக்கும் வழியையும் ஆளுநரின் கோச்சு வண்டி போகும் வழியையும் சிவப்பு மையில் கோடு போட்டு, நிமிடக் கணக்கோடு எழுதினார் என்கிறார் பட்ஜன். இதைப் படித்த பிறகுதான் எனக்கு அந்த அத்தியாயமே விளங்கியது. யுலிஸிஸை ஏதோ பூடகமான தத்துவ நூல் என்று பயந்துகொண்டிருந்தவன் நான். கடைசியில் பார்த்தால் ஆள் நில அளவையாளர் மாதிரி வேலை செய்திருக்கிறார்!

கேள்வி: எல்மன் சொன்னதுதான் ஜாய்ஸ் விஷயத்தில் முடிந்த முடிவு என்கிறார்களே, உண்மையா?

பதில்: அந்தத் தடித்த புத்தகம் 1959இல் வந்தது, 1982இல் திருத்திய பதிப்பு. வாங்குவதானால் அதை வாங்குங்கள். அவ்வளவு தகவலை அவ்வளவு சரளமாகச் சொன்ன இலக்கிய வாழ்க்கை வரலாறுகள் குறைவு. நான் முதலில் படித்தது ஒரு நூலகப் பிரதி. படங்கள் இருந்த தாள்களை யாரோ புண்ணியவான் பிளேடால் வெட்டி எடுத்திருந்தார். அப்படியும் கீழே வைக்க முடியவில்லை.

ஆனால் எல்மன் யாருடைய கண்ணால் பார்க்கிறார் என்பதைக் கவனித்துக்கொண்டே படியுங்கள். பெரும் பகுதி, தம்பி ஸ்டானிஸ்லாஸின் கண். அண்ணனுக்கு இரண்டு சொச்சம் வயது இளையவர். ட்ரியஸ்ட் நகரத்துக்கு அண்ணனைத் தேடிப் போய், அவருடைய குடும்பச் செலவையும் குடியையும் வருடக்கணக்கில் சுமந்தவர். நாட்குறிப்பு எழுதியவர், கடிதங்களைப் பத்திரப்படுத்தியவர். அவர் பாதியில் விட்டுப்போன நினைவுக்குறிப்பு ‘மை பிரதர்ஸ் கீப்பர்’ 1958இல் வெளிவந்தது. பதிப்பித்தவரே எல்மன்தான். அடுத்த வருடம் தன் பெரிய புத்தகத்தை வெளியிட்டார். (ஸ்டானிஸ்லாஸ் இறந்தது 1955 ஜூன் 16. யுலிஸிஸ் நடக்கும் அதே தேதி. விதிக்கும் நாவல் படிக்கிற பழக்கம் உண்டு போலிருக்கிறது.)

அப்பா ஜான் ஜாய்ஸ் விஷயத்தில் இதன் விளைவு தெரியும். தம்பிக்கு அவர் குடித்துச் சொத்தை அழித்த மனிதர். ஜேம்ஸுக்கு அவரே பெரும் ஊற்று. 1931இல் அப்பா இறந்த பிறகு, தன் புத்தகங்களில் நூற்றுக்கணக்கான பக்கங்களும் எத்தனையோ பாத்திரங்களும் அவரிடமிருந்து வந்தவை என்று கடிதம் எழுதினார். இரண்டு மகன்களும் சொன்னது பொய்யில்லை. டப்ளின்காரர்கள் சுவையாகச் சொன்ன கதைகளையும், நாவலில் வரும் சம்பவங்களையும் எல்மன் கொஞ்சம் தாராளமாகவே நம்பிவிட்டார் என்று ஹ்யூ கென்னர் போன்ற விமர்சகர்கள் குறைப்பட்டதும் உண்டு. எல்மன் அந்தப் புத்தகத்தை எழுதிய கதையையே சக்கரி லீடர் 2025இல் தனிப் புத்தகமாக்கிவிட்டார்.

கேள்வி: மனைவி, மகள் பற்றி யாருமே எழுதவில்லையா?

பதில்: எழுதியிருக்கிறார்கள். பிரெண்டா மேடாக்ஸின் ‘நோரா’ 1988இல் வந்தது. கால்வேயிலிருந்து டப்ளினுக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்த பெண், 1904இல் கல்யாணம் இல்லாமலே ஜாய்ஸோடு நாட்டை விட்டுப் போகிறாள். பதிவுத் திருமணம் நடந்தது 1931இல்தான். அந்த இருபத்தேழு வருடத்தை நோரா பக்கமிருந்து பார்க்க இந்தப் புத்தகம் வேண்டும்.

மகள் லூசியா நடனக்காரி. பிற்காலத்தில் மனநல விடுதிகளிலேயே வாழ்ந்து 1982இல் இறந்தார். கேரல் ஷ்லாஸ் அவரைப் பற்றி 2003இல் எழுதிய நூலிலிருந்து, ஜாய்ஸின் எழுத்துரிமையை வைத்திருந்தவர்களின் எதிர்ப்பால் பல மேற்கோள்களை நீக்க வேண்டியிருந்தது. ஷ்லாஸ் வழக்குப் போட்டார். சமரசம் ஆனது. 2009இல் எதிர்த்தரப்பு வழக்குச் செலவுக்கு 2,40,000 டாலர் கொடுத்தது. ஆனால் அப்பாவின் கடைசி நாவலான ‘ஃபின்னெகன்ஸ் வேக்’குக்கே மகளின் நடனம்தான் மூலம் என்கிற அளவுக்கு ஷ்லாஸ் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. லூசியாவின் கடிதங்களைத் தானே அழித்துவிட்டதாக ஜாய்ஸின் பேரன் சொன்னார். ஆதாரம் போன இடத்தில் ஊகம்தான் வளரும்.

கேள்வி: யுலிஸிஸுக்கு உரை எது நல்லது? ஸ்டூவர்ட் கில்பர்ட்?

பதில்: கில்பர்ட் பர்மாவில் நீதிபதியாக இருந்துவிட்டுப் பாரிஸில் வந்து குடியேறியவர். அவருடைய 1930ஆம் வருட நூலுக்கு ஜாய்ஸே பக்கத்திலிருந்து உதவினார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அப்போது நாவலுக்குத் தடை. அதனால் நீள நீளமாக மேற்கோள் காட்டியிருப்பார். ஆனால் கிரேக்கக் கவி ஹோமரின் ‘ஒடிஸி’யோடு ஒப்புமை, உடல் உறுப்பு, நிறம் என்று அட்டவணை போட்டு விளக்குவதில் நாவலின் சிரிப்பு காணாமல் போய்விடுகிறது. நான் அதை முதலில் படித்து ஒரு வருடம் ஹோமரைத் துரத்தினேன், வீண். ஹாரி பிளமைர்ஸின் ‘தி புளூம்ஸ்டே புக்’ கதைப்போக்கை எளிமையாகச் சொல்லும், அது போதும். டான் கிஃபோர்டின் பெரிய குறிப்பு நூலை வரிக்கு வரி புரட்டாதீர்கள். பரிமேலழகரை மட்டும் படித்துவிட்டுக் குறளைப் படிக்காமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ‘ஃபின்னெகன்ஸ் வேக்’?

பதில்: எனக்கும் முழுதாகப் புரியாது. ரோலண்ட் மக்ஹ்யூவின் குறிப்பு நூல் வசதியானது. நாவலுக்கு 628 பக்கம், இதற்கும் 628. நாவலின் ஒரு பக்கத்தில் சொல் எங்கே இருக்கிறதோ, இதிலும் அதே பக்கத்தில் அதே இடத்தில் விளக்கம் இருக்கும். முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். 196ஆம் பக்கத்துக்குப் போங்கள். ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டே இரண்டு பெண்கள் ஊர் வம்பு பேசுவார்கள். வாய்விட்டுப் படியுங்கள். அந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதியை 1929இல் ஜாய்ஸ் தன் குரலிலேயே ஒலிப்பதிவு செய்திருக்கிறார், எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். முதலில் அதைக் கேளுங்கள். மக்ஹ்யூவை அப்புறம் திறக்கலாம்.