யான் மாயென் தீவின் நில அமைப்பு எப்படிப்பட்டது? அங்கே ஏன் மக்கள் குடியேறவில்லை?

தொலைதூரத் தீவுகளின் வரைபடங்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அவற்றில் யான் மாயென் அளவுக்கு விசித்திரமான வடிவம் கொண்டவை குறைவு. நார்வேக்கு மேற்கே ஏறத்தாழ 1000 கி.மீ., கிரீன்லாந்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவில், 71 டிகிரி வட அட்சரேகையில் இத்தீவு தனித்துக் கிடக்கிறது.

சுமார் 54 கி.மீ. நீளமுள்ள இத்தீவை அகப்பை வடிவம் என்று சொல்லலாம். வடகிழக்கில் உள்ள அகன்ற பகுதி முழுவதையும் 2277 மீட்டர் உயரமான பேரென்பெர்க் எரிமலை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் உச்சியிலிருந்து இறங்கும் பனியாறுகளுள் சில கடல்வரை வந்து சேர்கின்றன. தென்மேற்கில் 800 மீட்டரைக்கூட எட்டாத பழைய எரிமலைக் குன்றுகள் உள்ளன. இவ்விரண்டையும் இணைக்கும் நிலம் ஓரிடத்தில் 2.5 கி.மீ. அகலமே உடையது. அதன் இரு கரைகளிலும், கருமணல் திட்டுகள் கடலிலிருந்து பிரித்துவிட்ட காயல்கள் இருக்கின்றன. சைபீரிய ஆறுகளில் விழுந்து பனிக்கடலில் மிதந்து வந்த மரத்துண்டுகள் கரையெங்கும் ஒதுங்கியிருக்கும். தீவிலோ ஒரு மரமும் கிடையாது.

1970இல் எரிமலை வெடித்தபோது அங்கிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். அப்போது வழிந்த எரிமலைக் குழம்பு வடகிழக்குக் கரையில் ஏறத்தாழ 4 சதுர கி.மீ. புதிய நிலத்தை உண்டாக்கியது. அதை அன்றிலிருந்தே அலைகள் அரித்து வருகின்றன.

குடியேற்றம் இல்லாததற்குக் குளிரை மட்டும் காரணமாகச் சொல்வது சரியல்ல என்பது என் கருத்து. கடல் சூழ்ந்திருப்பதால், இதே அட்சரேகையில் உள்ள பல நிலப்பகுதிகளைவிட இங்கே குளிர்காலம் மிதமானது. இயற்கைத் துறைமுகம் ஒன்றுகூட இல்லாததும், கோடையில் நாள்கணக்கில் கவிந்து நிற்கும் மூடுபனியுமே பெரிய தடைகள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுத் திமிங்கில வேட்டைக்காரர்கள் கோடைதோறும் வந்து கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள். 1633இல் குளிர்காலத்தைக் கழிக்கத் தங்கிய எழுவரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இப்போது வானிலை நிலையத்திலும் நார்வே ராணுவத்திலும் பணிபுரியும் சிலர் மட்டும் சுழற்சி முறையில் தங்குகிறார்கள்.

ஆளில்லாத நிலம் என்பதால் அதற்கு மதிப்பில்லை என்று எண்ணிவிட வேண்டாம். கிரீன்லாந்துக்கும் இத்தீவுக்கும் இடைப்பட்ட மீன்வளக் கடலைப் பங்கிடும் வழக்கில் 1993இல் தீர்ப்பளித்த சர்வதேச நீதிமன்றம், எதிரேயுள்ள கிரீன்லாந்துக் கரை ஏறத்தாழ ஒன்பது மடங்கு நீளமானது என்பதைக் கருத்தில் கொண்டு, எல்லைக்கோட்டை இரு கரைகளுக்கும் சமதொலைவிலுள்ள நடுக்கோட்டிலிருந்து தீவின் பக்கமாக நகர்த்தி வரைந்தது. ஆனாலும் ஆளில்லாத இத்தீவுக்கும் அந்தக் கடலில் ஒரு பங்கு கிடைத்தது.