காணாமல் கொடுத்த கவர்

அன்புள்ள ஐயா,

யாங்கூனில் என் அப்பா தொடங்கிய பயறு மண்டியை 2 ஆண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். எங்களிடம் 9 பேர் வேலை செய்தார்கள். சென்ற தடின்ஜுட் விளக்குத் திருவிழாவுக்கு 9 பேருக்கும் ஒரே தொகையைக் கவரில் வைத்துக் கொடுத்தோம். மூன்றே வாரத்தில், 14 ஆண்டுகளாக எங்கள் குடோனைப் பார்த்துவந்த பர்மியர் வேறு மண்டிக்குப் போய்விட்டார். அங்கும் சம்பளம் ஏறக்குறைய இதேதான். “நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இங்கே ஒன்றுதான்” என்று கூட வேலை செய்தவரிடம் சொல்லிவிட்டுப் போனாராம். அப்பாவோ, “தட்டிக்கொடுத்தால் தலையில் ஏறி உட்காருவார்கள், கூலியை நாள் தவறாமல் கொடுத்தால் போதும்” என்கிறார். நாங்கள் எதில் தவறினோம்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், யாங்கூன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தந்தையார் சொன்னதில் கூலியைப் பற்றிய பாதி முழு உண்மை. இந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 3,600 கியாட் என்று 2015இல்தான் வரையறுக்கப்பட்டது. 2018இல் அது 4,800 ஆயிற்று. அதன் பிறகு கொஞ்சம் கூடியிருந்தாலும், அப்படிப்பட்ட கூலிக்குள் குடும்பம் நடத்தும் ஒருவரிடம், சம்பளத்தைக் குறைத்துவிட்டோ தள்ளிப்போட்டோ பாராட்டுரை வழங்குவது ஏமாற்று. நீங்கள் அதைச் செய்யவில்லை. கூலியில் குறையில்லாமல் இருந்தும் ஒருவர் போயிருக்கிறார் என்பதால்தான் உங்கள் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இளவயதில் நான் ஓர் உளுந்து ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கெழுதினேன். அங்கே குடோனைப் பார்த்துக்கொண்டவர் தினமும் மாலையில் மூட்டை வாயைத் தளர்த்தி, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, ஒரு பிடி உளுந்தை அள்ளி முகர்வார். பிறகு ஒரே ஒரு மணியை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடிப்பார். காய்ந்த மணி ‘டக்’கென்று இரண்டாகும், ஈரம் ஏறியது நசுங்கும். ஓர் ஆனி மாத மழையில் மேற்குச் சுவரை ஒட்டிய வரிசையில் கைவிட்டவர், மூட்டைக்குள் சூடு இருப்பதைக் கண்டுகொண்டார். சுமை தூக்குபவர்கள் 4 பேரை இரவோடிரவாக நிறுத்தி வைத்து, அந்த வரிசை முழுவதையும் கிழக்குப் பக்கம் புதுப் பலகைகளின் மேல் மாற்றி அடுக்கினார். மறுநாள் முதலாளி வந்தபோது குடோனில் எந்தக் கேடும் நிகழ்ந்திருக்கவில்லை. நிகழ்ந்ததெல்லாம் செலவுக் கணக்கில் 4 பேருக்கான இரவுக் கூலி மட்டுந்தான். “யாரைக் கேட்டு இந்தச் செலவு?” என்று எல்லார் முன்னிலையிலும் அவரைக் கேட்டார். காரணம் தெரிந்திருந்தும் நான் குனிந்த தலை நிமிராமல் அந்தத் தொகையை எழுதிக்கொண்டிருந்தேன். அதன் பிறகும் அவர் மூட்டைக்குள் கைவிடுவதை நிறுத்தவில்லை. கண்டதைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார். அடுத்த மழைக்காலத்தில் அதே சுவரோரம் எத்தனை மூட்டை பூஞ்சை பிடித்து வீணாயிற்று என்பதை எழுதியதும் என் கைதான்.

நடக்காமல் போன நஷ்டத்துக்குப் பேரேட்டில் பத்தி கிடையாது, நண்பரே. விற்பனையைக் கொண்டுவருபவர் செய்தது தொகையாகவே கண்முன் நிற்கிறது. கெடாமல் காப்பவர், தவறு நேராமல் பார்ப்பவர், கூட வேலை செய்பவர்களுக்குள் சண்டை மூளாமல் தணிப்பவர் ஆகியோர் செய்வது, எவ்வளவு நன்றாகச் செய்கிறார்களோ அவ்வளவுக்குக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. உங்கள் குடோன்காரர் 14 மழைக்காலங்களைக் கடத்தித் தந்திருக்கிறார். அவற்றில் ஏதேனும் ஒன்றைப் பற்றி அவரிடம் யாராவது பேசியிருக்கிறீர்களா?

பண்டிகைக் கவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அயல்நாட்டு வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: பௌத்தர்களின் மழைக்கால நோன்பு முடியும் பௌர்ணமியையொட்டி வருவது தடின்ஜுட், இளையவர்கள் பெற்றோரையும் ஆசிரியர்களையும், வேலை செய்பவர்கள் முதலாளியையும் வணங்கும் வழக்கம் அப்போது உண்டு. வணங்கியவருக்கு வாழ்த்துச் சொல்லிப் பணம் கொடுப்பார்கள். மனத்தைத் தொடும் வழக்கம் அது, விட்டுவிடாதீர்கள். ஆனால் அங்கே மரியாதை செய்பவர் தொழிலாளி, பெறுபவர் முதலாளி. நீங்கள் கொடுத்த கவர் ஆசி. அவர் செய்த வேலைக்கான அங்கீகாரம் ஆகாது. 9 பேருக்கும் ஒரே ஆசி வழங்குவது முறைதான், 9 பேர் வேலையும் ஒன்றல்லவே.

சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் கடந்து அரசன் அதியமானைக் காண வந்தபோது, அவன் நேரில் வராமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். வறுமையில் வாடிய புலவர் அதை வாங்க மறுத்தார். “காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்” (என்னைக் காணாமல் தந்த இந்தப் பொருளை வாங்கிப்போக நான் வணிகனைப் போன்ற பரிசிலன் அல்லன்) என்றவர், என் தகுதியை அறிந்து தருவதாயின் தினையளவாயினும் இனிது என்றும் சொன்னார். அவர் கேட்டது கூடுதல் தொகையன்று. உங்கள் குடோன்காரர் சொல்லிவிட்டுப் போனதையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அமெரிக்காவில் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் உடனிருந்தோரும் பிட்ஸ்பர்க் வட்டாரத்துப் பொறியாளர்கள், கணக்காளர்கள் என ஏறத்தாழ 200 பேரிடம், வேலையில் மிக மகிழ்ந்த நேரத்தையும் மிக நொந்த நேரத்தையும் சொல்லச் சொல்லிக் கேட்டு, 1959இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மகிழ்ந்த நேரங்களில் முன்னே நின்றவை ஒன்றைச் செய்து முடித்ததும் அதைப் பிறர் அறிந்து பாராட்டியதும். அதாவது, செய்த காரியம் ஒன்றைத் தொட்டு நிற்கும்போதுதான் பாராட்டு நெஞ்சில் தங்குகிறது. வெறுமனே “நன்றாக வேலை செய்கிறீர்கள்” என்பது நாலைந்து முறைக்குப் பிறகு காதில் விழாது. உங்கள் தந்தையார் அஞ்சுவது இந்த வெற்றுப் புகழ்ச்சியை என்றால், நானும் அவர் பக்கமே.

ஒருகாலத்தில் இதே யாங்கூனின் மொகல் தெருவில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளில், அதாவது வட்டித்தொழில் நடந்த கூடங்களில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, மேலாளாகி, பின்னர் சொந்தமாகத் தொழில் வைக்கும் வரை உயர முடிந்தது. மூன்றாண்டுத் தவணை முடிகிறபோது அவன் பார்த்த கணக்கு சீர்தூக்கப்பட்டு, அடுத்து எவ்வளவு பணத்தை நம்பி ஒப்படைக்கலாம் என்று முடிவாகும். பொறுப்பை ஒப்படைத்ததே அங்கே பாராட்டு. அந்த ஏணி சொந்தச் சமூகத்துப் பையன்களுக்கு மட்டுமே இருந்தது. கரையில் நெல் மூட்டை சுமந்தவர்களுக்கு அதில் ஒரு படியும் இல்லை. அந்தக் குறையை மறைத்துவிட்டு அதைப் போற்ற நான் விரும்பவில்லை. ஆயினும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு லாட் சரக்கை வாங்கும் முன், அதைக் கடித்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால், அதற்காக ஒரு முறையேனும் வாங்காமல் இருங்கள். அவருடைய சொல் உங்கள் தீர்மானத்தை மாற்றியது என்று அவரே கண்ணால் காண்பதற்கு ஈடாக எந்தக் கேடயத்தையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அழைக்கும் விதமும் இதில் சேரும். வயதில் மூத்த பர்மியரைப் பெயருக்கு முன் ‘ஊ’ சேர்த்து அழைப்பது இந்த மண்ணின் மரியாதை. இளைஞர்களை அழைக்கும் ‘மௌங்’ என்பதைச் சேர்ந்த நாளில் வைத்து, அதுவே பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். சொல்வதை அன்றைக்கே, அவருடைய மொழியில், அந்த வேலையின் அருமை தெரிந்தவர்கள் முன்னிலையில் சொல்லுங்கள். குறையைச் சுட்ட வேண்டியிருந்தால் மட்டும் தனியே அழைத்துச் சொல்லுங்கள்.

எஞ்சியுள்ள 8 பேரிடம் நாளையே இதைத் தொடங்கலாம். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பழைய சரக்குப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த 14 ஆண்டுகளில் அவர் காப்பாற்றிக் கொடுத்த ஏதேனும் ஒரு லாட்டைத் தேடிக் கண்டுபிடியுங்கள். தந்தையாருக்கு நினைவிருக்கும், அவரையே கேளுங்கள். பிறகு, மாலையில் வேலை முடியும் நேரமாகப் பார்த்து, அந்தப் புதிய மண்டியின் வாசலில் அவரைச் சந்தித்து, அந்த லாட்டைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். திரும்பி வரும்படி கேட்க வேண்டாம்.

அன்புடன்.