எபிரேய வேதத்தில் கடவுளுக்குப் பன்மைச் சொல் ஏன்?

கடவுள் ஒருவரே என்னும் எபிரேய வேதம் (யூதரின் வேதம்; கிறிஸ்தவர்களுக்குப் பழைய ஏற்பாடு) அவரை 'எலோஹீம்' என்று பன்மையில் அழைப்பது ஏன்?

'ஈம்' எபிரேயத்தில் பன்மை விகுதி. ஒருமை வடிவம் 'எலோவா'; அது குறைவாகவே வரும், பெரும்பாலும் யோபு நூலில். எலோஹீமோ இரண்டாயிரம் தடவைக்கு மேல் வருகிறது.

சரி, எலோஹீம் குறிப்பது ஒருவரையா பலரையா என்று எப்படி அறிவது? வினைச்சொல்லைப் பாருங்கள். ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் எலோஹீமுக்கு வரும் 'பாரா' (படைத்தார்) ஒருமை வினை. பத்துக் கட்டளைகளில் 'வேறே தேவர்கள்' என்னும்போது அதே எலோஹீம் நிஜப் பன்மை. கூடவரும் அடைமொழியும் பன்மை. ஒரே கடவுளைச் சொல்லும்போதும் பன்மை வினை வரும் ஆதியாகமம் 20:13 போன்ற சில விதிவிலக்குகளும் உண்டு.

பெருமையையும் அதிகாரத்தையும் காட்டும் பன்மை இது என்பதே பெரும்பாலான இலக்கண அறிஞர்களின் விளக்கம். நாம் ஒரே ஆளை 'அப்பா வந்தார்கள்' என்பதில்லையா, அதுபோல. ஆனால் நாம் வினையைப் பன்மையாக்குகிறோம். எபிரேயமோ பெயரை மட்டும் பன்மையாக்குகிறது. மனிதருக்கும் இது நடக்கும்: ஏசாயா 19:4இல் கொடிய எஜமான் ஒருவனுக்கே 'அதோனீம்' என்ற பன்மை.

திரித்துவத்துக்கு (ஒரே கடவுள் மூன்று ஆள்களாக இருக்கிறார் என்னும் கிறிஸ்தவக் கொள்கைக்கு) இச்சொல்லே ஆதாரம் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கொள்கை சரியா என்பது வேறு விஷயம். ஆனால் இஸ்ரவேலின் அண்டை மக்களான மோவாபியரின் காமோஸ் என்னும் ஒரு தெய்வத்தையும் எபிரேய வேதம் எலோஹீம் என்றே அழைக்கிறது; ஆகவே இச்சொல் மட்டும் அதற்கு ஆதாரமாகாது.