பழைய டெஸ்க்டாப்புக்குப் புது பிராசஸர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐ3-2100 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். பிரவுசர் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது. ஐ7 போட்டால் சரியாகிவிடுமா?

முதலில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் (எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் கருவி) திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, சிபியு (பிராசஸர்) 20, 30 என்று சும்மா இருந்தால் ஐ7 போட்டும் பயனில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க் ஒன்று போடுங்கள், ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். என்னிடம் இப்படி வந்த மெஷின்கள் பலவற்றுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

வீடியோ எடிட்டிங் மாதிரி வேலையில் சிபியுவே 100-ஐத் தொடுகிறதா? அப்படியானால் மாற்றலாம். உங்களுடையது 1155 சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்). ஐ7-2600, ஐ7-3770 இரண்டும் உட்காரும். நாலாம் தலைமுறைக்கு 1150 சாக்கெட் என்பதால் அது உட்காராது. உங்கள் ஐ3-யில் 2 கோர் (கணக்கிடும் பகுதி), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). ஐ7-3770-இல் 4 கோர், 8 த்ரெட். ஆனால் 3770 மூன்றாம் தலைமுறை. பல எச்61 போர்டுகளின் பழைய பயாஸுக்கு (போர்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) அது யாரென்றே தெரியாது. போர்டு தயாரிப்பாளர் தரும் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பழைய ஐ3 போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். புதியதை மாட்டிய பிறகு திரையே வராவிட்டால், பழையதை மறுபடி மாட்டாமல் அப்டேட் செய்ய வழியிருக்காது.

கேள்வி: அதே எச்61 போர்டில் ஐ5-2500கே போட்டு ஓவர்கிளாக் செய்யலாமா?

பிராசஸர் ஓடும், ஓவர்கிளாக் (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) நடக்காது. பிராசஸரின் வேகம் என்பது பேஸ் கிளாக் (அடிப்படைத் துடிப்பு, இங்கே 100 மெகாஹெர்ட்ஸ்) × மல்டிபிளையர் (பெருக்கும் எண்). மல்டிபிளையரை ஏற்ற பி67, இசட்68, இசட்77 மாதிரி சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) வேண்டும். பேஸ் கிளாக்கை ஏற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். அந்த 100 மெகாஹெர்ட்ஸோடு, டிஸ்கை இணைப்பது உட்பட மற்ற பஸ்களும் (தரவுப் பாதைகள்) கட்டப்பட்டிருக்கின்றன. நாலைந்து மெகாஹெர்ட்ஸ் கூட்டினாலே தடுமாற ஆரம்பித்துவிடும். அதற்காக டிஸ்கில் உள்ள தரவைப் பணயம் வைக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் இசட்77 போர்டும் ஐ5-2500கே-யும் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

அருமையான ஜோடி, பொறுமையாகச் செய்யுங்கள். இந்தச் சிப்பின் கணக்கு எளிது: 100 மெகாஹெர்ட்ஸ் × 33 = 3.3 கிகாஹெர்ட்ஸ். பயாஸில் மல்டிபிளையரை 40 ஆக்கி, வோல்டேஜைத் தொடாமல் விண்டோஸுக்குள் போங்கள். பிரைம்95-ஐ (பிராசஸரை முழு வேகத்தில் உழைக்கவைத்துச் சோதிக்கும் மென்பொருள்) அரை மணி நேரம் ஓட விட்டு, பக்கத்திலேயே வெப்பநிலையைக் கவனியுங்கள். 80 டிகிரிக்குக் கீழே நின்று, பிழையும் வராவிட்டால் 41, அப்புறம் 42. ஒவ்வொரு படிக்கும் மறுபடி அதே சோதனை.

ஏதோ ஒரு படியில் நீலத் திரை வரும், அல்லது பிரைம்95-இல் ஒரு த்ரெட் பிழை காட்டி நிற்கும். அங்கேதான் வோல்டேஜ் கேட்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், 1.35 வோல்ட்டைத் தாண்டாதீர்கள். சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடுகிறது. வேகம் 10 சதவீதம், வோல்டேஜ் 10 சதவீதம் என்று ஏற்றினால் 1.1 × 1.21, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வெப்பம். அந்தச் சுமை முழுவதும் சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் மின்சாரப் பகுதியின் தலையில் விழுகிறது. பத்து வருடம் உழைத்த போர்டில் அங்கே இருக்கும் கெப்பாசிட்டர் ஒன்று உப்பியிருந்தாலும் ஓவர்கிளாக் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். 4.2-இல் நிலையாக நிற்கும் மெஷின், 4.6-இல் வாரம் ஒரு தடவை விழும் மெஷினைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: கோர் 2 குவாட் கியூ6600. இதற்கு மல்டிபிளையர் ஏறவில்லையே?

அதை ஏற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறது. எஃப்.எஸ்.பி.யைத்தான் (பிராசஸரைப் போர்டோடு இணைக்கும் பஸ்ஸின் வேகம்) ஏற்ற வேண்டும்: 9 × 266 = 2.4 கிகாஹெர்ட்ஸ், 266-ஐ 333 ஆக்கினால் 3.0. ரேமின் வேகமும் கூடவே ஏறும், பலர் இதை மறந்துவிட்டு பிராசஸரைக் குறை சொல்கிறார்கள். எஃப்.எஸ்.பி.க்கும் ரேமுக்கும் உள்ள விகிதத்தை 1:1 வைத்தால் டிடிஆர்2-800 ரேம் 667-இல் (333-இன் இரட்டிப்பு) நிம்மதியாக ஓடும். ஏற்றிய பிறகு திரை வரவில்லையா? பவர் கேபிளைக் கழற்றிவிட்டு போர்டில் உள்ள சிமாஸ் ஜம்பரால் (சிறு இணைப்பு) பயாஸ் அமைப்புகளைக் கிளியர் செய்யுங்கள், பழைய நிலைக்கு வந்துவிடும்.

கேள்வி: ஹீட்சிங்கை இழுத்தேன், ஏஎம்3 சாக்கெட்டிலிருந்து பிராசஸரும் சேர்ந்தே வந்துவிட்டது!

பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாகம்) நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்தால் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓட விட்டு சூடாக்கி, அணைத்த உடனே ஹீட்சிங்கை இடம் வலமாக மெல்லத் திருகுங்கள். பிடி விட்டதும் தூக்குங்கள், நேராக இழுக்க வேண்டாம். இப்போது பின்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வளைந்திருந்தால் மெல்லிய பிளேடை வரிசைக்கு நடுவே விட்டு, சிறிது சிறிதாக நிமிர்த்துங்கள். சாக்கெட்டில் தானாக விழுந்து உட்கார்ந்தால் சரி. அழுத்த வேண்டியிருந்தால் ஏதோ ஒரு பின் இன்னும் நேராகவில்லை, எடுத்து மறுபடி பாருங்கள்.