கிட்னிக்கு கெடுதின்னு கொலஸ்ட்ரோல் மாத்திரைய நிப்பாட்டலாமா?

தலவாக்கலை பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு 61 வயசு, தேயிலை ஃபெக்டரில வேலை செஞ்சு ரிட்டயர் ஆனவரு, பிரஷர் ரொம்ப வருஷமா இருக்கு, கிட்னி எப்படி வேலை செய்துன்னு காட்டுற கிரியேட்டினின் 1.9, கெட்ட கொலஸ்ட்ரோல்னு சொல்ற எல்.டி.எல் 118. கிளினிக்ல அட்டோவஸ்டட்டின்ங்குற கொலஸ்ட்ரோல் மாத்திரை குடுத்தாங்க, பக்கத்து லயத்துல ஒருத்தரு "அது கிட்னிய கெடுத்துரும்"னு சொன்னதால நிப்பாட்டிட்டாரு. ரிப்போர்ட்ல எல்.டி.எல் நோர்மல்னு தானே இருக்கு, பிறகு எதுக்கு மாத்திரைன்னு கேக்குறாங்க. அதோட கடைசி வரில, போன மாசம் ஒரு நாள் காலைல அப்பாவுக்கு வாய் ஒரு பக்கமா இழுத்து பேச்சு குழறுச்சு, பத்து நிமிஷத்துல சரியாயிருச்சு, வாய்வா இருக்கும்னு விட்டுட்டோம்னு எழுதியிருக்காங்க.

தங்கச்சி, நீங்க கடைசியா எழுதுனதுக்கு தான் நான் மொதல்ல பதில் சொல்லணும். வாய்வுனால வாய் கோணாது, பேச்சு குழறாது. நீங்க சொல்றத வச்சு பாத்தா அது மினி ஸ்ட்ரோக் மாதிரி தான் இருக்கு, அதாவது மூளைக்கு போற ரத்தக்குழாய் ஒண்ணு கொஞ்ச நேரம் அடைச்சு தானாவே திறந்திருக்கு. இப்படி வந்தவங்களுக்கு பெரிய ஸ்ட்ரோக் வர்ற ஆபத்து மொதல் ரெண்டு நாள்ல தான் ரொம்ப கூட, ஆனா அது தாண்டிருச்சுன்னு நிம்மதியா இருந்துற முடியாது. அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் வைக்காதீங்க, நாளைக்கே கிளினிக் கொப்பி, பழைய ரிப்போர்ட், போடுற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு டொக்டர் இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, போன உடனே வாய் கோணுன கதைய சொல்லுங்க. ஈ.சி.ஜி எடுத்து இதயத் துடிப்பு தாறுமாறா ஓடுதான்னு பாப்பாங்க, கழுத்து ரத்தக்குழாய்க்கும் தலைக்கும் ஸ்கேன் தேவைப்படலாம்.

இப்ப மாத்திரை விஷயம். அட்டோவஸ்டட்டின் கிட்னிய கெடுக்குற மருந்து இல்ல. அது பெரும்பாலும் ஈரல் வழியா தான் வெளிய போகுது, அதனால கிட்னி பலவீனமா இருந்தாலும் டோஸ குறைக்க தேவையில்ல. கிட்னி வியாதிக்காரங்க 9,000 பேருக்கு மேல வச்சு செஞ்ச ஷார்ப்ங்குற பெரிய ஆய்வு 2011ல வந்துச்சு, கொலஸ்ட்ரோல் மாத்திரை போட்டவங்களுக்கு மாரடைப்பும் அடைப்பால வர்ற ஸ்ட்ரோக்கும் சேத்து ஆறுல ஒரு பங்கு அளவுக்கு குறைஞ்சிருந்துச்சு, கிட்னிய பொறுத்தவரைக்கும் அது கெடுக்கவும் இல்ல காப்பாத்தவும் இல்ல. அப்பா இத போடுறது மூளைக்கும் இதயத்துக்கும்.

எல்.டி.எல் 118 நோர்மல்ங்குறது நோய் நொடி இல்லாத ஆளுக்கு சொல்ற கணக்கு. அப்பாவோட கிரியேட்டினினையும் வயசையும் வச்சு பாத்தா கிட்னி வேலை செய்ற அளவு, ரிப்போர்ட்ல ஈ.ஜி.எஃப்.ஆர்னு போடுவாங்களே, அது 40 கிட்ட வருது. மூணு மாசத்துக்கு மேல 60க்கு கீழ நின்னாலே அது நாள்பட்ட கிட்னி வியாதி தான். இந்த வியாதில எல்.டி.எல் பெருசா ஏறாமலே ரத்தக்குழாய் தடிச்சு இறுகிப் போகும், அதனால 50 வயசு தாண்டுன கிட்னி நோயாளிக்கு எல்.டி.எல் எவ்வளவுன்னு பாக்காமலே இந்த மாத்திரைய குடுக்க சொல்லி சர்வதேச வழிகாட்டி 2013லயே சொல்லுது. அடைப்பால மினி ஸ்ட்ரோக் வந்தவருன்னு உறுதியானா எல்.டி.எல் 70க்கு கீழ வரணும், அப்ப டோஸ கூட்டவும் செய்வாங்க. (டயலிசிஸ் ஆரம்பிச்சவங்களுக்கு கணக்கு வேற, அவங்களுக்கு புதுசா தொடங்குறதில்ல, ஏற்கனவே போட்டுக்கிட்டு இருந்தா நிப்பாட்டுறதில்ல.) உடம்பெல்லாம் தசை தாங்க முடியாம வலிச்சு மூத்திரம் கோலா கலர்ல போனா மட்டும் மாத்திரைய நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க, அது ரொம்ப அபூர்வம்.

அடுத்த தடவை மூத்திரத்துல அல்புமின்ங்குற புரதம் போகுதான்னு பாக்க சொல்லி கேளுங்க. அப்பா ஃபெக்டரில சல்லடை பாத்தவரு, அவருக்கு இப்படி சொன்னா புரியும்: சல்லடை கிழிஞ்சா தூளோட இலையும் விழுமே, அப்படி தான் கிட்னி கெட்டா ரத்தத்துல இருக்க வேண்டிய புரதம் மூத்திரத்துல விழும். அது கூடக்கூட ஸ்ட்ரோக் ஆபத்தும் கூடும்.

கிட்னிய நிஜமாவே கெடுக்குறது வேற. முழங்கால் வலி இடுப்பு வலின்னு பார்மசில சொல்லி வாங்குற டைக்லோபினாக், ஐபுபுரூபன், நம்ம தோட்டங்கள்ல இது இல்லாத வீடு குறைவு, கொழுந்துக்கூடை சுமந்த அம்மாமார் வருஷக்கணக்கா போடுறாங்க, எனக்கு இத பாக்க மனசு கஷ்டமா இருக்கு. அப்பாவுக்கு இது வேணவே வேணாம், வலிக்கு அளவா பெனடோல் (பரசிட்டமோல்) போதும். காமரங்காவும் பிலிங்காய் ஜூஸும் கொலஸ்ட்ரோலுக்கு நல்லதுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, கிட்னி பலவீனமானவங்களுக்கு அது விஷம் மாதிரி. சோடியம் குறைஞ்ச உப்புன்னு விக்கிறதுலயும் பொட்டாசியம் இருக்கு, கிட்னி பலவீனமா இருந்தா அது வெளிய போகாம ரத்தத்துல கூடிரும், லொசார்டன்ங்குற பிரஷர் மாத்திரை போடுறவருன்னா அது இன்னும் ஆபத்து.

பிரஷர் 130/80க்கு கீழ இருந்தா நல்லது, எவ்வளவு வேகமா குறைக்கணும்னு டொக்டர் சொல்லுவாரு. உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேத்து ஒரு தேக்கரண்டிய தாண்டக்கூடாது, ரொட்டி மாவு, சம்பல், கருவாடு மூணுலயும் உப்பு இருக்குறத சேத்து கணக்கு பாருங்க. தேங்காய்ப்பால குறைக்கிறதும் நல்லது தான், ஆனா மாத்திரைக்கு பதிலா அத வைக்காதீங்க. பீடி சிகரெட், புகையிலை போட்ட வெத்தலை இருந்தா நிப்பாட்ட சொல்லுங்க.

மறுபடியும் வாய் கோணுனா, ஒரு கை தூக்க முடியாம போனா, பேச்சு குழறுனா உடனே 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு கொண்டு போய் அங்க காத்துக்கிட்டு இருக்க வேணாம், ஏன்னா அடைச்ச ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள்ள தான் போடலாம், அதுக்கு முந்தி ஸ்கேன் எடுக்கணும், நம்ம மலைப்பாதைல எவ்வளவு நேரம் போகும்னு உங்களுக்கே தெரியும். கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாருங்குறத குறிச்சு வைங்க, ஆஸ்பத்திரில மொதல் கேள்வி அது தான். தண்ணி, கோப்பி, மாத்திரை எதுவும் வாய்ல குடுக்காதீங்க, புரையேறிரும். அஸ்பிரினும் வேணாம், மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு வந்த ஸ்ட்ரோக்கா இருந்தா அது நிலைமைய மோசமாக்கும்.