ஒரு தடவைதான் என்று சொல்லி மாதாமாதம் பிடிக்கிறார்கள்: நன்கொடை வசூல் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: மெட்ரோ நிலைய வாசலில், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக நின்ற ஒரு பெண் என்னை நிறுத்தினார். குழந்தைகளின் சாப்பாட்டுக்கு 800 ரூபாய் கேட்டார். "ஒரு தடவைதானே?" என்றேன், தலையாட்டினார். கணக்கு எண்ணும் ஓடிபியும் கொடுத்தேன். நான்கு மாதமாக ஏழாம் தேதியானால் 800 ரூபாய் போகிறது. போன் செய்தால் "அடுத்த மாதம் நிறுத்திவிடுகிறோம் சார்" என்கிறார்கள். எப்படி நிறுத்துவது? (வாசகர், பல்லாவரம்)

பதில்: நீங்கள் கொடுத்த ஓடிபி 800 ரூபாயைச் செலுத்துவதற்கானது அல்ல. மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற ஆணைக்கு, அதாவது மேண்டேட்டுக்கு, நீங்கள் தந்த சம்மதம் அது. அந்தப் பெண்ணைத் தேடிப் போவதில் பயனில்லை. இப்படி நிற்பவர்களில் பலர் தொண்டு நிறுவன ஊழியர்களே அல்ல. வசூலுக்கு அமர்த்தப்பட்ட ஏஜென்சியின் ஆட்கள். மாதச் சந்தாவில் எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்பதுதான் அவர்களுடைய இலக்கு. ஒரு முறை தருகிறேன் என்பவரையும் சந்தாவுக்குள் இழுக்கப் பார்ப்பது அதனால்தான்.

ஆணையை ரத்து செய்ய வேண்டிய இடம் உங்கள் வங்கி. முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். பாஸ்புக்கில் 'ஏசிஎச்' அல்லது 'நாச்' என்று இருந்தால் அது கணக்கின் மேல் உள்ள ஆணை. யுபிஐ என்று இருந்தால் ஆட்டோபே, அதாவது யுபிஐ வழியாகத் தானாகப் பணம் போகும் ஆணை. கிரெடிட் கார்டு பில்லில் வந்தால் கார்டின் மேல் உள்ள ஆணை.

நாச் என்றால், பதிவான அன்று வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியில் யுஎம்ஆர்என் என்ற ஆணை எண் இருக்கும். பல வங்கிகளின் நெட்பேங்கிங்கில் மேண்டேட் பகுதிக்குப் போய் அங்கேயே ரத்து செய்துவிடலாம். அந்த வசதி இல்லையென்றால் கிளைக்கு நேரில் போங்கள். "இந்த யுஎம்ஆர்என் எண்ணுள்ள ஆணையை ரத்து செய்க, இனி பணம் பிடிக்க நான் சம்மதிக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பிடித்தத்துக்கு ஒரு வாரம் முன்பாவது கொடுத்துவிடுங்கள். கடைசி இரண்டு நாளில் கொடுத்தால் அந்த மாதப் பட்டியல் ஏற்கெனவே வங்கிக்குப் போயிருக்கும். "நிறுவனத்திடம்தான் சொல்ல வேண்டும்" என்று கிளையில் சொன்னால் ஏற்காதீர்கள். ஆணை உங்கள் கணக்கின் மேல் உள்ளது, அதைத் திரும்பப் பெறும் உரிமையும் உங்களுடையது.

யுபிஐ என்றால் நீங்கள் ஆணை கொடுத்த செயலியைத் திறந்து, ஆட்டோபே பகுதியில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தொட்டு ரத்து செய்து, யுபிஐ பின்னைப் போட்டால் முடிந்தது. கார்டு, யுபிஐ ஆணைகளில் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், அதிலேயே விலகிக்கொள்ளும் வழியும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நாச் ஆணைக்கு அப்படி முன்தகவல் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. டெபிட் கார்டை முடக்கினால் நாச் நிற்காது; பதிவின்போது கார்டு விவரம் கேட்டிருந்தாலும் அது உங்களை அடையாளம் காட்ட மட்டுமே, ஆணை இருப்பது கணக்கின் மேல். யுபிஐ செயலியை அழித்தாலும் ஆணை அப்படியே இருக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது கணக்கைக் காலி செய்து வைப்பது. கணக்கில் பணமில்லாமல் ஒவ்வொரு முறை ஆணை திரும்பும்போதும் வங்கி அபராதம் பிடிக்கும், அதன் மேல் 18% ஜிஎஸ்டியும் சேரும். 800 ரூபாயைக் காப்பாற்றப் போய்க் கைக்காசை இழப்பீர்கள்.

போன நான்கு மாதப் பணத்தில் முதல் மாதத்தை விட்டுவிட்டு மற்ற மூன்றுக்குத் திருப்பிக் கேளுங்கள். போனில் பேசாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். தேதி, தொகை, யுஎம்ஆர்என், ஒருமுறை மட்டும் என்று உங்களிடம் சொல்லப்பட்ட விவரம், ஆணைப் படிவத்தின் நகல் வேண்டும் என்ற கோரிக்கை ஆகியவை அதில் இருக்கட்டும். வங்கி ரத்து செய்யாமல் இழுத்தடித்தால், எழுத்துப் புகார் கொடுத்து 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, தகவலுக்கு 14448.

தொண்டு நிறுவனத்தின் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். நன்கொடை கொடுப்பவர் பொருளோ சேவையோ வாங்குவதில்லை, எனவே அந்த வழி எளிதில் பலிக்காது. வங்கியின் சேவைக் குறைபாட்டுக்கு மட்டும் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

கேள்வி: மாதச் சந்தாவை நானே விரும்பித் தருகிறேன் என்றால் படிவத்தில் எதைப் பார்க்க வேண்டும்? (வாசகி, திருச்சி)

பதில்: மூன்று கட்டங்கள். முதலாவது தொகை. 'நிலையான தொகை', 'அதிகபட்சத் தொகை' என்று இரண்டு வகை உண்டு. 500 ரூபாய்க்குச் சம்மதித்தவரின் படிவத்தில் அதிகபட்சம் 5,000 என்று இருந்தால், அந்த 5,000 வரை எடுக்க வங்கி தடை சொல்லாது. இரண்டாவது முடிவுத் தேதி. 'ரத்து செய்யும் வரை' என்பதை ஏற்காமல் ஓராண்டு என்று போடச் சொல்லுங்கள். மறந்தாலும் தானாக நின்றுவிடும். மூன்றாவது எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பது. மாதம் ஒரு முறை என்று இருக்க வேண்டும், 'கேட்கும்போதெல்லாம்' என்று இருக்கக் கூடாது.

டேப்லெட்டை அவர் கையிலேயே வைத்துக்கொண்டு உங்களிடம் ஓடிபி மட்டும் கேட்டால் சொல்லாதீர்கள். நிறுவனத்தின் பெயரை எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவர்களுடைய இணையதளத்தில் நீங்களே செலுத்துங்கள். நல்ல நிறுவனம் என்றால் இதற்கு முகம் சுளிக்காது.

கேள்வி: "நீங்கள் கொடுப்பது முழுக்க வரியில் திரும்ப வந்துவிடும்" என்கிறார்களே, உண்மையா? (வாசகர், கோவை)

பதில்: இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கு நன்கொடைக்கான 80ஜி வரிச் சலுகையே கிடையாது, ஒரு ரூபாயும் குறையாது. பழைய முறையிலும் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்குத் தருவதில் 50 சதவீதம்தான் வருமானத்திலிருந்து கழியும். மாதம் 1,000 வீதம் ஆண்டுக்கு 12,000 கொடுத்தால் கழிவது 6,000. நீங்கள் 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால் மிச்சம் 1,200 ரூபாய், செஸ்ஸையும் சேர்த்து 1,248. மீதி 10,752 உங்கள் பணம்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலோ, அரிசியாகவும் துணியாகவும் கொடுத்தாலோ கழிவே இல்லை.

கையில் தரும் ரசீது மட்டும் போதாது. நிறுவனம் தன் நன்கொடையாளர் பட்டியலை வரித்துறைக்குத் தாக்கல் செய்து, 10பிஇ என்ற சான்றிதழை மே 31-க்குள் உங்களுக்குத் தர வேண்டும் என்பதுதான் 80ஜி நடைமுறை. பான் எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் அந்தப் பட்டியலில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

கேள்வி: இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது நன்கொடை என்று சில ரூபாய் தானாகச் சேர்ந்துவிடுகிறது. நீக்கப் போனால் "ஒரு குழந்தையின் சிரிப்பு உங்களுக்கு வேண்டாமா?" என்று கேட்கிறது. (வாசகி, மதுரை)

பதில்: இது விதிமீறல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிடுகின்றன. வாங்குபவரின் சம்மதமின்றிப் பில்லில் எதையாவது சேர்ப்பது அதில் ஒன்று. தொண்டு நன்கொடையையும் பெயர் சொல்லியே அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். குற்ற உணர்வைத் தூண்டி அழுத்தும் வாசகம் இன்னொன்று. இங்கே நீங்கள் டிக்கெட் வாங்கும் நுகர்வோர், அதனால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. பணம் செலுத்தும் முன் திரையைப் படம் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யுங்கள். மூன்று ரூபாய்தானே என்று விடாதீர்கள். லட்சக்கணக்கானோரிடம் இப்படி மூன்று மூன்றாக எடுத்தால் அது பெரிய தொகை.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. ஒரு முறை பணம் அனுப்பியதிலிருந்து தினமும் மூன்று நான்கு அழைப்புகள். வாட்ஸ்அப்பில் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் குழந்தையின் படத்தை அனுப்பி "இன்று மாலைக்குள் கட்டாவிட்டால்…" என்கிறார்கள். அப்பா அழுதேவிடுகிறார். (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இரக்கமுள்ள ஒரு முதியவரை இப்படி வாட்டுவதை எந்த நல்ல நோக்கமும் நியாயப்படுத்தாது. அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். அவர் எண்ணை, தொல்லை அழைப்புகளைத் தடுப்பதற்கான 1909-இல் முழுத் தடையில் பதிவு செய்யுங்கள். துறைவாரியான தடையில் வங்கி, வீடு-மனை, கல்வி என்றுதான் பிரிவுகள் உண்டு, நன்கொடைக்குத் தனிப் பிரிவு இல்லை. அதனால்தான் முழுத் தடை. அதன் பிறகும் அழைப்பு வந்தால், வந்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் அதே 1909-இல் எண்ணையும் தேதியையும் சொல்லிப் புகார் கொடுங்கள்.

அழைப்பவரிடம் அப்பா இரண்டே விஷயம் கேட்கட்டும். மருத்துவமனையின் பெயரும் உள்நோயாளி எண்ணும் என்ன? நிறுவனத்தின் பான் எண் என்ன? முதலாவது கிடைத்தால் மருத்துவமனையின் பொது எண்ணை நீங்களே தேடி அழைத்துச் சரிபார்த்து, உதவ நினைத்தால் மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டுங்கள். பான் எண்ணில் நான்காவது எழுத்தைப் பாருங்கள். அறக்கட்டளைக்கு 'டி' (T), சங்கத்துக்கு 'ஏ' (A), நிறுவனச் சட்டத்தில் பதிவானதற்கு 'சி' (C). அங்கே 'பி' (P) இருந்தால் அது தனிநபரின் பான். அந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பக் கூடாது. 80ஜி அனுமதி இருக்கிறதா என்பதை வருமான வரித்துறை இணையதளத்தில் பான் எண்ணை வைத்தே பார்த்துவிடலாம்.

ஏமாந்து பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் அதை முடக்கி வைக்க முடியும்.