ஒரே டொமைன், இரண்டு மெயில் சர்வர்: மெயில் ஏன் திரும்பி வருகிறது?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் கணக்குப் பிரிவுக்கு உள்ளேயே எக்ஸ்சேஞ்ச் சர்வர் (மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர்), விற்பனை ஆட்களுக்கு கிளவுடில் மெயில், டொமைன் (முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) ஒன்றுதான், உள்ளிருந்து அவர்களுக்கு அனுப்பினால் 'அப்படி ஒருவர் இல்லை' என்று திரும்புகிறது என்கிறீர்கள். எக்ஸ்சேஞ்சில் அந்த டொமைன் 'அத்தாரிட்டேட்டிவ்' (முழுப் பொறுப்பும் இந்த சர்வருக்கே) ஆக இருப்பதுதான் காரணம். தன்னிடம் இல்லாத முகவரி எங்குமே இல்லை என்று சர்வர் முடிவுகட்டிவிடும். அதை 'இன்டர்னல் ரிலே' (தன்னிடம் இல்லாத முகவரிக்கான மெயிலை வேறு சர்வருக்குத் தள்ளும் வகை) ஆக மாற்றுங்கள். அப்புறம் அதே டொமைனுக்கு ஒரு சென்ட் கனெக்டர் (வெளியே போகும் மெயிலுக்கு வழி சொல்லும் அமைப்பு) போட்டு, ஸ்மார்ட் ஹோஸ்டாக, அதாவது அந்த மெயிலை வாங்கிக்கொள்ளும் சர்வராக, கிளவுட் சர்வரைக் கொடுங்கள்.

இதைக் கட்டாயம் கவனியுங்கள்: தெரியாத முகவரியை எதிர்ப்பக்கம் தள்ளும் வேலையை இரண்டு சர்வருமே செய்யக் கூடாது, செய்தால் தப்பாக அடித்த ஒரு முகவரிக்கான மெயில் நடுவிலேயே சுற்றும். கிளவுட் பக்கம் கணக்குப் பிரிவு முகவரிகளை மட்டும் பெயர் சொல்லி உள்ளே அனுப்பட்டும், மற்றதை அங்கேயே நிராகரிக்கட்டும். எஸ்பிஎஃப் பதிவில் (டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) இரண்டு சர்வரையும் சேர்த்துவிடுங்கள்.